இரண்டாம் தடவை பொறுக்காத மைதானம்

எங்கள் கேப்டன் ஒரு சிப்பி ஓட்டால் செத்தான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. யுத்த காலம், குண்டு விழுந்து செத்தான் என்றால் உடனே நம்புவார்கள்.

தூத்துக்குடியில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து மைதானம், கடல் மண்ணைக் கொட்டி மேடாக்கியது. காற்றடித்தால் போதும், அடியில் கிடக்கும் உடைந்த சிப்பிகள் மேலே வந்துவிடும். ஆடுகிற எல்லோரும் வெறுங்கால். அதனால் மேட்சுக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. முதலில் உள்ளூர் அணி குனிந்து சிப்பி பொறுக்கும். பிறகு வெளியூர் அணி இன்னொரு தடவை பொறுக்கும். நம் கண்ணுக்குத் தப்பியது அவர்கள் கண்ணில் படும். அதற்கப்புறம்தான் டிரில் மாஸ்டர் விசில் ஊதுவார்.

அன்றைக்கு வந்தவர்கள் காயல்பட்டினத்துப் பையன்கள். முந்தின வருஷம் அவர்கள் கை நிறையச் சிப்பி பொறுக்கி உயர்த்திக் காட்ட, கூட்டம் கெக்கலி கொட்டிச் சிரித்தது. எங்கள் கேப்டனுக்கு அது ஆறவே இல்லை. அவன் என் பக்கத்து வீட்டுக்காரன், சின்ன வயதிலிருந்தே சிநேகிதன். சரியான ரோஷக்காரன்.

"எங்க தரைய நாங்க பாத்தாச்சு. நீங்க ஒண்ணும் குனிய வேண்டாம்" என்றான்.

"ஒரு தடவ பாத்துட்டா என்ன, கொறஞ்சா போயிரும்?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டான் அவர்கள் கேப்டன்.

"வேண்டாம்னா விடுலே!"

நேரமாகிறது என்று மாஸ்டரும் ஊதிவிட்டார். இன்றைக்கும் அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. விசில் அவர் கையில்தானே இருந்தது!

நாங்கள் ஜெயித்தோம். கடைசிப் பந்தைப் போட்டுவிட்டுக் கேப்டன் குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சிப்பி ஆழமாக ஏறியிருந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு, "போலே, இதெல்லாம் ஒரு காயமா?" என்று சிரித்தான்.

அடுத்த வாரம் அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. ரண ஜன்னி, காயத்தின் வழியாக ஏறும் டெட்டனஸ் என்றார் டாக்டர். யுத்தத்தால் அதற்கான ஊசி மருந்து மதுரையில்கூடக் கிடைக்கவில்லை. சின்னச் சத்தம் கேட்டாலும் அவன் உடம்பு வில்லாக வளைந்து இழுத்தது. பக்கத்தில் யாரும் பேசக் கூடாது, அழவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஊரோ, காயல்காரன்தான் சிப்பியைப் போட்டுவிட்டான் என்று பேசியது. பாவிகள்! குனியவே விடவில்லை, அவன் எங்கே போடுவான்?

அந்தக் காயல் கேப்டன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். எங்கள் கேப்டனின் அம்மா அவன் கையைப் பிடித்து, "சத்தம் போடாம வா ராசா" என்று காதோடு சொல்லி உள்ளே கூட்டிப்போனாள். கட்டிலில் கிடந்தவன் கண்ணை மட்டும் திருப்பி அவனைப் பார்த்தான். கிட்டிப்போன பல்லுக்கு நடுவிலிருந்து, "இவன் இல்லம்மா... நாந்தான்" என்றான். வந்தவன் தன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். நாங்களும் துணியை வாயில் திணித்துக்கொண்டுதான் அழுதோம்.

மறுநாள் விடியும்போது எங்கள் கேப்டன் போய்விட்டான். அம்மா வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் வாயைப் பொத்தியபடியே நின்ற எங்களைப் பார்த்தாள்.

"இனி சத்தமாவே அழுங்க மக்கா. அவனுக்கு ஒண்ணும் செய்யாது" என்றாள்.