பக்கக் கதவும் மூன்றாவது காரணமும்

1789 மே 5: குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகிய மூன்று குடிகளின் பிரதிநிதிகளும் பிரான்ஸ் மன்னனின் அழைப்பில் வெர்சேயில் கூடினர்.
1789 யூலை 14: பாரிஸ் மக்கள் பஸ்தீல் சிறைக்கோட்டையைக் கைப்பற்றினர்.
1789 ஓகஸ்ட் 4: பிரபுக்களும் குருமாரும் சபையில் எழுந்து தம் சலுகைகளைத் துறப்பதாக அறிவித்தனர்.
1789 ஒக்டோபர் 5: பாரிஸ் பெண்கள் பாண் கேட்டு வெர்சேய்க்கு நடந்தனர்.
1792 செப்டெம்பர் 21: பிரான்சில் முடியாட்சி ஒழிக்கப்பட்டது.
1848 யூலை 28: புதிய வரிகளை எதிர்த்து எழுந்தவர்கள் மாத்தளை நகருக்குள் புகுந்தனர்.
1948 பெப்ரவரி 4: இலங்கை சுதந்திரம் பெற்றது. அரசின் தலைமை பிரித்தானிய முடியிடமே இருந்தது.
1972 மே 22: இலங்கை குடியரசாயிற்று.

இந்த நாள்களில் எனக்கு ஐயமில்லை. மாத்தளையில் ஒரு பாடசாலையின் உயர்தர வகுப்புக்கு இவற்றை ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தேன். தமிழில் தக்க பாடநூல் கிடையாது. ஆங்கில நூல்களைப் படித்துச் சுருக்கி, 'பிரெஞ்சுப் புரட்சியின் சமூக, பொருளாதாரக் காரணங்கள்' என்ற தலைப்பில் நானே குறிப்பு எழுதினேன். அதை மெழுகுத்தாளில் இரும்பு முனைப் பேனாவால் கீறித் தருபவள் என் மனைவி. அவளுடைய எழுத்து அச்சைவிடத் தெளிவாக இருக்கும். பாடசாலை அலுவலகத்து ரோணியோ இயந்திரத்தில் அந்தத் தாளைப் பூட்டி மாணவருக்குப் பிரதி எடுப்பேன். அவள் இறந்து ஐந்து மாதமாகிறது.

காரணங்கள் ஐந்து. முதலாவது, வெறுமையான அரச கருவூலம். இரண்டாவது, விளைச்சல் பொய்த்ததால் வந்த பசி. மூன்றாவது, வரி கொடாமலும் வரிசையில் நில்லாமலும் வாழ்ந்த இரண்டு குடிகளின் சலுகைகள். மற்ற இரண்டும் புதிய கருத்துகளையும் ஆட்சியின் தவறுகளையும் பற்றியவை. அவற்றுக்கு இங்கே வேலையில்லை.

எங்கள் நாட்டில் முடியாட்சி போன விதத்தையும் நான் பார்த்தேன். அதிபரின் அறையில் தொங்கிய மகாராணியின் படத்தைப் பியோன் கதிரையில் ஏறிக் கழற்றினார். "சேர், இத எங்க வைக்கிறது?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. தேசப்படங்கள் இருந்த அலுமாரிக்குள் வைத்தார். அன்றைய பாடவேளைகள் வழக்கம்போல நடந்தன. வகுப்பில் நான் விவரித்த எதுவும் நிகழவில்லை என்று வீட்டில் சொன்னபோது, "அந்தம்மாவ யாரு நேர்ல கண்டா, கோவப்படுறதுக்கு?" என்றாள் மனைவி. அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு கோதுமை மாவு அருகியது. தேயிலைத் தோட்டங்களில் பங்கீடு குறைந்தது. மலையிலிருந்து பெண்கள் விடியுமுன்பே இறங்கி வந்து, உக்குவளைக்குப் போகும் வீதியிலிருந்த பேக்கரியின் முன்னால் நின்றார்கள். ஆளுக்கு அரை றாத்தல் பாண். அதுவும் பாதி வரிசைக்குத்தான் போதும்.

பேக்கரி முதலாளி நல்ல மனிதர். அவருடைய பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். முதல் வாரத்திலேயே என்னை வரிசையில் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். "சேர், நீங்க இங்க நிக்கிறதா? எனக்கு வெக்கமா இருக்கு. பக்கக் கதவால வாங்க." ஆசிரியர்கள், கந்தோர் கிளாக்குமார், பொலிஸ்காரர்கள் எனப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அந்தக் கதவு திறந்தது. நான் தினமும் ஒரு முழு றாத்தல் பாணைப் பத்திரிகைத் தாளில் சுற்றி வாங்கி வந்தேன். அதைச் சலுகை என்று நினைக்கவில்லை. மரியாதை என்று நினைத்தேன். பாடசாலை மணி ஏழரைக்கு அடிக்கும் என்ற நியாயமும் என்னிடம் இருந்தது. இத்தகைய நியாயங்கள் எல்லாக் காலத்துப் பிரபுக்களிடமும் இருந்தன என்பதை இருபது ஆண்டுகளாகக் கற்பித்தவன் நான்.

மனைவி ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். வரிசையில் நிற்பவர்களில் பலரை முறை சொல்லி அழைப்பாள். பக்கக் கதவைப் பற்றி அறிந்த மறுநாளே அவளும் வரிசையில் போய் நின்றாள். "நான் வாங்கி வந்தது போதாதா?" என்றேன். "அது ஒங்களுக்குக் குடுத்தது. நான் எனக்குள்ளத வாங்கிக்கிறேன்" என்றாள்.

அத்தோடு குறிப்பும் நின்றுவிட்டது. பரீட்சைக்குச் சில மாதங்களே இருந்தன. முதல் இரண்டு காரணங்களையும் எழுதி முடித்தவள் மூன்றாவதைத் தொடவில்லை. மெழுகுத்தாளை எடுத்து வைத்தால், "இன்னைக்குக் கை வரல்லைங்க" என்பாள். விரலில் வலி என்று எண்ணித் தைலம் வாங்கி வந்தேன். நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்தே விளங்கியது: அவளுக்கு வலி விரலில் இல்லை. அப்போதும் நான் பக்கக் கதவுக்குப் போவதை நிறுத்தவில்லை. அவள் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவருவதை அறிந்தும் காத்திருந்தேன்.

ஒரு காலையில் முன்பக்கத்தில் "பாண் முடிஞ்சு!" என்று கத்திப் பலகைகளைச் சாத்தினார்கள். அதே நேரத்தில் நான் பக்கக் கதவால் பொதியுடன் வெளியே வந்தேன். கலைந்த வரிசையின் பெண்கள் மூலையைச் சுற்றி அந்தச் சந்துக்குள் வந்து நின்றார்கள்.

"முடிஞ்சுன்னாங்களே. இது என்னா, சேர் வீட்டுக் கோழி போட்டதா?"

"வழி விடுங்கடி, ராசா வர்றாரு."

"கிரீடத்தக் காணோமே?"

"பேப்பர்ல சுத்தி வச்சிருக்காருல்ல."

சிரித்தார்கள். எவரும் என்னைத் தொடவில்லை. முதலாளி உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன சத்தம் இங்க? சேர்மாருக்குன்னு எடுத்து வச்சது அது. புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிற மனுசங்க."

முன்னால் நின்ற வயதான பெண், "எங்க புள்ளைகளுக்கும்தான் சேரு படிச்சுக் குடுக்குறாரு, முதலாளி. அதுக வெறும் வயித்தோட வந்து ஒக்காந்திருக்குறத அவருகிட்டயே கேளுங்க" என்றாள். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

பின்வரிசையில் என் மனைவி நின்றாள். யாரோ அவளிடம் திரும்பி, "அக்கா, ஒங்க வீட்டுக்காரருதானே?" என்று கேட்டார்கள். இல்லை என்று அவள் சொல்லிவிடுவாள் என நான் அஞ்சிய கணம் அது.

"ஆமா. புரட்சியப் பத்திப் பாடம் எழுதுறவரு."

"அப்ப பாணத் தந்துட்டுப் போயி எழுதச் சொல்லுங்கக்கா!"

நான் பொதியைப் பிரித்து முதலாளியிடம் கத்தி கேட்டேன். அவர் கொடுத்தார். ஒரு றாத்தலை எத்தனை துண்டாக்கினேன் என்பது நினைவில்லை. துண்டுகள் மெலிந்திருந்தன என்பது நினைவிருக்கிறது. முதலாளி, எடுத்து வைத்திருந்த மற்றப் பாண்களையும் தட்டோடு கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார். மறுநாள் முதல் பக்கக் கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. "சேரால எங்களுக்கும் போச்சு" என்று கந்தோர் கிளாக் ஒருவர் பல மாதம் சொல்லித் திரிந்தார்.

அன்று மாலை அவள் தானாகவே மெழுகுத்தாளை விரித்தாள். மூன்றாவது காரணம் அவளுடைய அழகான எழுத்தில் நிரம்பியது. ஓகஸ்ட் 4 பற்றிய வாக்கியத்தில் பேனாவை உயர்த்தினாள். "'சலுகை பெற்றோர் தாமாகவே முன்வந்து துறந்தனர்'னு இருக்கு. தாமாகவேன்னு எழுதவா, பயந்துபோயின்னு எழுதவா?"

"நூலில் உள்ளபடி எழுது."

"நூல்ல உள்ளது சரிங்க. காலையில நீங்க எப்புடி?"

"நேரமாகிறது, எழுது" என்றேன்.

அவள் அந்தச் சொல்லுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு மேலே எழுதிச் சென்றாள். நான் திருத்தவில்லை. அப்படியே பிரதி எடுத்தேன். மாணவர்கள் அந்த வெற்றிடத்தைத் தத்தம் விருப்பப்படி நிரப்பிக்கொண்டார்கள்.

இன்று எனக்கு விடை தெரியும். அது தானாகவும் அன்று, பயந்தும் அன்று. எதிரே நின்றவர்கள் என்னை அறிந்தவர்கள், நான் அறிந்தவர்கள். பசி மட்டும் புரட்சியை உண்டாக்குவதில்லை. அந்த வீதியில் பசி மாதக்கணக்கில் ஒழுங்காக வரிசையில் நின்றது. தன்னை அறிந்த ஒருவன் வேறு கதவால் வெளியே வருவதைக் கண்ட பின்பே அது வரிசையை விட்டு நகர்ந்தது. காணாத மகாராணிக்கு அலுமாரி போதும். கண்ணுக்கெதிரே நிற்கும் சிற்றரசர்களே ஆட்சிகளைக் கவிழ்க்கிறார்கள். என் ஐந்து காரணங்களையும் இன்று மீண்டும் எழுதினால் மூன்றாவதை முதலில் வைப்பேன். இதை அவளிடம் சொல்லியிருந்தால், சரியென்று தலையசைத்து அடுத்த தாளை எடுத்திருப்பாள்.

செய்யாமல் நிற்பவை:

– காரணங்களின் வரிசையை மாற்றிக் குறிப்பைப் புதிதாக எழுதுவது. கீறித் தர ஆள் தேட வேண்டும்.

– பேக்கரி முதலாளியிடம் மனைவி இறந்த செய்தியை நேரில் சொல்வது. அவர் கடையை விற்றுவிட்டு மகளோடு இருப்பதாகக் கேள்வி.

– சந்தில் பேசிய அந்த வயதான பெண் எந்தத் தோட்டம் என்று விசாரிப்பது. மனைவிக்குத் தெரிந்திருந்தது.

– மனைவியின் பங்கீட்டுக் கூப்பன் புத்தகத்தைக் கூட்டுறவுச் சங்கக் கடையில் ஒப்படைப்பது. இறந்தவரின் புத்தகத்தை வைத்திருக்கக் கூடாது. மனேஜர் தெரிந்தவர், ஐந்து மாதமாக என்னிடம் கேட்காமல் இருக்கிறார்.