சிவப்பு பஸ்ஸுக்குப் பின்னால் போனவர்

போன வருடம் தீபாவளிக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இடம், ஈப்போ புந்தோங்கில் எங்கள் வீட்டு ஹால். முறுக்குக்கு மாவு பிசைய வேண்டிய நேரத்தில், அதுவரை முகம் பார்த்திராத இரண்டு பெண்களை உட்கார வைத்துப் பழைய வீடியோ கேசட்டில் படம் போட்டுக் காட்டினேன். அன்று பார்த்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

முதலில் என் கிறுக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் வீடியோ கேசட் சேர்ப்பவள். அந்தக் காலத்தில் கடையில் வாடகைக்கு எடுப்போமே, செவ்வகமாக, கறுப்பாக, அதேதான். மற்ற வீட்டு ஷோகேஸில் கண்ணாடிக் கோப்பைகள் இருக்கும். என் வீட்டில் கேசட்டுகள் அடுக்கி இருக்கும். என் வீட்டுக்காரருக்கு அதைக் கண்டாலே ஆகாது. "ஊரே கையில போன வச்சிகிட்டு படம் பாக்குது. நீ என்னடான்னா இந்தச் செங்கல்ல கட்டிக்கிட்டு மாரடிக்கிற லா" என்பார். அவர் மீன் தொட்டிக்குச் செலவழிப்பதை நான் சொல்லிக் காட்டினால் வாயை மூடிக்கொள்வார்.

ஆனால் இதில் இருக்கும் அதிசயம் அவருக்குத் தெரியாது. கேசட் தேயும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ரிவைண்ட் செய்து பார்த்தால், அந்த இடத்தில் மட்டும் படம் நைந்துபோய்க் கோடு கோடாக ஓடும். நான் ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். எதைப் பார்த்தாலும் குறை எங்கே என்றுதான் என் கண் போகும். அதனால் ஒரு கேசட்டை ஓடவிட்டால் போதும், அதை வைத்திருந்த வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்லிவிடுவேன். சண்டைக் காட்சி தேய்ந்திருந்தால் வீட்டில் பையன்கள் இருந்திருக்கிறார்கள். கதாநாயகி கண்ணீர் விடும் இடம் தேய்ந்திருந்தால் யாரோ ஒரு மருமகள் அங்கே மனம் நொந்து கிடந்திருக்கிறாள். யார் எவர் என்றே தெரியாத அந்தச் சனமெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே படம் பார்ப்பது மாதிரி இருக்கும். போனில் இது கிடைக்குமா, சொல்லுங்கள்.

சித்தியவானில் ஒரு லோரி ஓட்டும் அண்ணன், தீபாவளிக்கு ஸ்டோரைக் கழுவும்போது ஒரு பெட்டி கேசட் கிடைத்ததாகவும், யாராவது எடுத்துக்கொண்டால் நல்லது என்றும் தொழிற்சாலைத் தோழி மூலம் சொல்லி அனுப்பினார். விடுவேனா? அடுத்த விடுமுறைக்கே போய் அள்ளிக்கொண்டு வந்தேன். பாதிக்கு மேல் பூசணம் பிடித்திருந்தது. நம் ஊர் ஈரத்துக்குக் கேசட்டுக்கு முதல் எதிரி அதுதான். அப்படியே மெஷினில் போட்டால் கேசட்டும் போகும், மெஷினும் போகும். திருகாணியைக் கழற்றி, நாடாவை மெல்ல மெல்லச் சுற்றி, மெல்லிய துணியால் துடைத்து எடுக்க வேண்டும். அந்தப் பெட்டியில் மிக மோசமாக இருந்த ஒன்றைத் துடைத்து முடிப்பதற்குள் என் கழுத்து பிடித்துக்கொண்டது.

போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து மலேசியாவில் பாட்டுக் காட்சி எடுத்த பழைய படம். பெயர் வேண்டாம். படம் முழுக்கச் சுத்தமாக ஓடியது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் மழை கொட்டுவது போலக் கோடுகள். நம் ஈப்போ ரயில் நிலையத்துக்கு முன்னால் கதாநாயகனும் கதாநாயகியும் கைகோத்து நடக்கிறார்கள். பின்னால் ஒரு சிவப்பு பஸ் நிற்கிறது. அவ்வளவுதான். பாட்டின் தொடக்கம் கூட இல்லை, நடுவில் சில விநாடி. அங்கே யாருக்கு என்ன வேலை? சண்டை இல்லை, அழுகை இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. சித்தியவான் அண்ணனுக்கே போன் போட்டுக் கேட்டேன்.

 "தங்கச்சி, அந்தக் கேசட் இன்னும் இருக்கா? தூக்கிப் போட்டுறாதீங்க. அதுல எங்க மாமா வராரு" என்றார்.

மாமா என்று அவர் சொன்னது தம் அக்காவின் கணவரை. அவர்கள் அப்போது ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். அக்காவுக்குக் கல்யாணமான புதிது, வயிற்றில் பிள்ளை. ஏதோ வேலையாக டவுனுக்கு சைக்கிளில் போன மாமா, ரயில் நிலையத்தில் சினிமாக் கூட்டத்தைப் பார்த்து நின்றிருக்கிறார். பின்னால் ஆட்கள் நடமாட வேண்டும் என்று சொல்லி, இவரையும் சைக்கிளோடு போகவிட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "நான் சினிமாவுல வருவேன் பாரு" என்றாராம். அக்கா நம்பவில்லை. படம் வருவதற்குள் அவரை மரம் ஏற்றி வந்த லோரி ஒன்று அடித்துப் போட்டுவிட்டது. மகள் பிறந்ததை அவர் பார்க்கவில்லை.

பிறகு அந்தப் படம் கேசட்டாகத் தோட்டத்துக்கு வந்தது. மண்டபத்தில் எல்லோரும் கூடிப் பார்த்தபோது அந்த இடம் வந்ததும், "அதோ, அவந்தாண்டா!" என்று யாரோ கத்த, கூட்டமே எழுந்து நின்றுவிட்டதாம். கைப்பிள்ளையோடு இருந்த அக்கா மயங்கி விழுந்துவிட்டார். அப்புறம் தோட்டத்துச் சனமே காசு போட்டு ஒரு கேசட்டை வாங்கி அவர் கையில் கொடுத்தது. அக்கா முழுப் படத்தையும் பார்த்ததே இல்லை. அந்த இடத்தை மட்டும் போடுவார். மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து பஸ்ஸுக்குப் பின்னால் மறைவார். உடனே ரிவைண்ட். மறுபடி வருவார், மறைவார். சோறு தண்ணி இல்லாமல் இதே வேலை. பார்க்கச் சகிக்காமல் அவர் அம்மா ஒருநாள் கேசட்டை ஒளித்து வைத்துவிட்டு, மெஷின் தின்றுவிட்டது என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்குச் சின்னப் பையனாக இருந்த தம்பிக்கும், அதாவது இந்த லோரி அண்ணனுக்கும், அது தெரியும். அம்மா போன பிறகு பெட்டி ஸ்டோரிலேயே கிடந்திருக்கிறது. உள்ளே பார்க்காமலேயே தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டார்.

"அண்ணே, நல்லா வருது என் வாயில! ஒங்க அக்காகிட்ட முதல்ல சொல்லுங்க" என்றேன்.

"எனக்கு அவ்வளவு தைரியம் இல்ல லா. நீங்களே பேசிருங்களேன்" என்றார் அவர். மலை ரோட்டில் ராத்திரி பகலாக லோரி ஓட்டும் மனுஷன்.

நான்தான் பேசினேன். அந்த அக்கா இப்போது ஜெலாப்பாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார், என் தொழிற்சாலைக்கு இரண்டு தெரு தள்ளி. விஷயத்தைச் சொன்னதும், அழுவார், தம்பியைத் திட்டுவார் என்று நினைத்தேன். "எப்பம்மா வரட்டும்?" என்று மட்டும் கேட்டார். மகள் போனை வாங்கி, இணையத்தில் அந்தப் படத்தைத் தேடிப் பார்த்ததாகவும், அதில் அந்தப் பாட்டையே வெட்டிவிட்டிருப்பதாகவும் சொன்னார். அப்பா என்றால் அவருக்கு ஒரே ஒரு கல்யாணப் போட்டோதான். அதிலும் மாலை பாதி முகத்தை மறைத்திருக்குமாம். இந்தக் கேசட்டை விட்டால் வேறு வழியில்லை.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. நைந்த நாடா அந்த இடத்தில் எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகலாம். சுற்றிக்கொண்டு கசங்கினால் மாமாவும் போய்விடுவார். ஒரு தடவைதான் ஓட்டுவது, அதையே போனில் படம் பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். செங்கல் என்று கேலி பேசிய என் வீட்டுக்காரர்தான் பிஸ்கட் டின் மேல் போனை நிறுத்தி, ஆடாமல் இருக்கப் பக்கத்தில் அரிசிப் பொட்டலம் அண்டக் கொடுத்து, ஜன்னல் திரையையெல்லாம் இழுத்து மூடினார். மீன் தொட்டி விளக்கைக் கூட அணைத்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா, மகள், தம்பி மூவரும் வந்தார்கள். அக்கா தலைக்குப் பூ வைத்திருந்தார்.  தம்பி வாசலிலேயே தலையைக் குனிந்துகொண்டு நிற்க, அக்கா அவர் முதுகில் ஓர் அடி வைத்து, "உள்ள வாடா" என்றார். அவ்வளவுதான் அந்தப் பஞ்சாயத்து.

கேசட்டைத் தள்ளினேன். பாட்டு ஓடியது. ரயில் நிலையம் வந்தது. கோடுகளும் வந்தன.

ஒன்றுமே தெரியவில்லை. நான் முன்பு பார்த்ததைவிட மோசம். கோட்டை விலக்கும் டிராக்கிங் பொத்தானைத் திருப்புகிறேன், திருப்புகிறேன், கோடுகள் மேலே போகின்றன, கீழே வருகின்றன, விலக மாட்டேன் என்கின்றன. சிவப்பாக ஏதோ அசைகிறது, அதுதான் பஸ்ஸாக இருக்க வேண்டும். மகள் டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் உட்கார்ந்து கண்ணை இடுக்கிப் பார்க்கிறார். அக்காவுக்கு மட்டும் எல்லாம் தெரிந்தது. "இந்தா, இப்ப வராரு. தலையக் கோதுறாரு. இந்தப் பக்கம் திரும்புறாரு பாரு. பாத்தியா? பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "எங்கம்மா? எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்று மகள் அழுதேவிட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரைத் தேய்த்தது இந்த அக்காவின் ஆசைதான். பார்த்துப் பார்த்தே அழித்துவிட்டார். நாற்பது வருடம் கழித்துப் பெற்ற பிள்ளைக்குக் காட்ட ஒன்றுமில்லை.

"போயிட்டாரு. பஸ்ஸுக்குப் பின்னால போயிட்டாரு" என்றார் அக்கா. உடனே என் பக்கம் திரும்பி, "ரிவைண்ட் பண்ணும்மா! இன்னொருக்கா போடு. இந்தத் தடவை தெரியும்" என்றார். அவர் கட்டைவிரல் தானாகவே மடங்கிப் பொத்தானை அழுத்தியது, கையில் எதுவும் இல்லாமலேயே.

என்னால் முடியாது என்றேன். "அறுந்துரும்க்கா. இன்னொரு தடவை அந்த இடத்துல ஓட்டுனா சத்தியமா அறுந்துரும். இப்ப நிறுத்தவும் முடியாது, நிறுத்துனா இழுத்துரும். ஓடட்டும் விடுங்க." கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். படம் பாட்டுக்கு ஓடியது.

கோடுகள் நின்றன. படம் கண்ணாடி மாதிரி ஆனது. கேமரா இப்போது எதிர்ப்பக்கம் நின்று எடுக்கிறது. கதாநாயகி துப்பட்டாவை வீசிக்கொண்டு ஓடிவருகிறாள். பஸ்ஸின் மறுபக்கத்திலிருந்து, திரையின் ஓரத்தில், ஒரு பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறான்.

தம்பி துள்ளி எழுந்தார். "அக்கா! அக்கா, பாருக்கா! மாமா!"

நீலச் சட்டை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. நேராகக் கேமராவைப் பார்த்தபடி நடந்து வருகிறார். பார்க்கக் கூடாது என்று யாரோ சைகை காட்டியிருக்க வேண்டும், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கப் போகிறார். எங்கள் ஐந்து பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது. 

அந்த இடத்தை இந்த அக்கா ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. முதல் தடவை மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும், அவர் பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்த அந்த நொடியே ரிவைண்டை அழுத்திவிட்டார். இன்னும் ஒரு மூச்சு பொறுத்திருந்தால் வந்திருப்பார். ஆனால் பொறுத்திருந்தால் இதுவும் தேய்ந்திருக்கும். அக்கா அந்த இடத்தை எட்டாததால்தான் அந்த மனுஷன் அங்கே அப்படியே, ஒரு கீறல் இல்லாமல், மகளுக்காகக் காத்திருந்திருக்கிறார். இதை யார் திட்டம் போட்டுச் செய்ய முடியும்? என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

பாட்டு முடிந்து அடுத்த காட்சி தாண்டிய பிறகு மெல்ல நிறுத்தினேன். போனில் பிடித்ததை மகள் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். "அம்மா, என் சின்னவன் இப்படித்தான் நாக்கைக் கடிப்பான்" என்றார். 

அக்கா போனை வாங்கி, கண்ணருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். சைக்கிள் பிடியில் கயிறு கட்டி லீமாவ் பாலி, அதாவது பம்பளிமாஸ் பழங்கள் தொங்கின. ஈப்போவில் இன்றைக்கும் ரோட்டோரம் அப்படித்தானே கட்டித் தொங்கவிட்டு விற்கிறார்கள். மாசமாக இருந்தபோது அக்கா ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிவரச் சொன்னதாம். பார்த்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ரெண்டு பழம்லா தொங்குது! வீட்டுக்கு ஒண்ணுதானே வந்துச்சு! இன்னொண்ண யாருக்குக் குடுத்தாரு இந்த மனுஷன்?"

நிஜமான கோபம். கண்ணில் நீர் வழிகிறது, குரலில் சண்டை. கடைக்குப் போன புருஷன் இப்போதுதான் வாசலில் சைக்கிளை நிறுத்தியது போல, பதிலுக்காக அந்தத் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அழுதோம், எது எப்போது என்றே தெரியவில்லை.

கிளம்பும்போது கேசட்டைப் பையில் போட்டுக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "எங்கிட்ட இருந்தா இதையும் தேச்சிருவேன்மா. ஒன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். இன்றும் என் ஷோகேஸில் இருக்கிறது. பார்த்த கேசட்டை ரிவைண்ட் செய்து வைப்பது கேசட் சேர்க்கும் எங்கள் ஆட்களின் முதல் பாடம். அதை மட்டும் செய்யவில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறது. வேலை முடிந்து போகும்போது சில நாள் அக்காவைப் பார்க்கப் போவேன். "பதில் சொன்னாராக்கா?" என்று கேட்டால், "எங்க? சிரிச்சே மழுப்புறாரு" என்பார்.

பிடித்த இடம் வந்ததும் ரிவைண்டை அழுத்த எனக்கும் கை பரபரக்கும்தான். ஆனால் அந்தச் சிவப்பு பஸ் நினைவுக்கு வந்துவிடும், கையை எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டுவிடுகிறேன்.