பல் செட்டும் எங்களூர் ‘ற்ற’வும்

பல் செட்டு கட்டுகிறவனிடம் வருகிறவர்கள் முறுக்கு கடிக்க ஆசைப்பட்டு வருகிறார்கள் என்றுதான் உலகம் நினைக்கிறது. உண்மையில் அவர்கள் வருவது பேசுவதற்கு. முறுக்கை ஊறவைத்துத் தின்றுவிடலாம். பேச்சை ஊறவைக்க முடியாது. புதுச் செட்டை மாட்டிக்கொண்டு முதல் நாள் சொந்தப் பெயரையே சொல்ல முடியாமல் தவித்த அன்பர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள், உங்கள் முறையும் வரும்.

என் கடை உதியன்குளங்கரை முக்கில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே. நான் டாக்டரல்ல. மெழுகில் அச்செடுத்து, ரப்பர் தகட்டில் பல் பதித்து, அரத்தால் ராவிக் கொடுக்கிறவன். கடை போட்ட காலமோ பொல்லாத காலம். எங்கள் பக்கத்துத் தாலுகாக்களெல்லாம் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று பாதி ஊர்; மலையாளத்தோடுதான் நிற்க வேண்டும் என்று மீதி ஊர். இரண்டு பக்கத்துக்கும் தொண்டை வேண்டும், நாக்கு வேண்டும், பல் வேண்டும். முதல் இரண்டும் கடவுள் கொடுத்தது. மூன்றாவது என் பொறுப்பு.

ஊதினால் ஒன்று, ஊதாவிட்டால் ஒன்று

நான் தொழில் படித்தது கொழும்பில், ஒரு சீனாக்காரரின் கடையில். முதலாளிக்கு எல்லாப் பாஷையும் கொஞ்சம் வரும், ஆனால் ‘ந’ வருகிற இடத்தில் ‘ல’ வந்து உட்கார்ந்துகொள்ளும். “பல்லு போனா லாக்கு அலாதை” என்பார். பல் போனால் நாக்கு அநாதை என்று அர்த்தம்.

செட்டு பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க அவர் வெற்றிலை கொடுக்கமாட்டார், வார்த்தை கொடுப்பார். தமிழனை ‘தாத்தா’ சொல்லச் சொல்வார். நாக்கு பல்லின் பின்பக்கம் போய் ஒட்டும். துரைமார் அதே எழுத்தைச் சொன்னால் நாக்கு பல்லைத் தொடவே தொடாது, பின்னாலிருக்கும் ஈறைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். மலாய்க்காரருக்கு ‘த’ பல்லிலே இருக்கும், அதையே அழுத்திச் சொன்னால் ஈறுக்கு ஏறிவிடும். ஒரே எழுத்துக்கு ஆளுக்கொரு வீடு.

“உங்கள் பாஷையில் எப்படி?” என்று ஒருநாள் கேட்டேன். மெழுகு உருக்குகிற ஸ்பிரிட் விளக்கை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு ஒரு ‘தா’ சொன்னார். சுடர் சாய்ந்தது. அது ‘அவன்’. இன்னொரு ‘தா’ சொன்னார். சுடர் அசையவில்லை. அது ‘பெரிசு’. நானும் குனிந்து, மூச்சையெல்லாம் திரட்டி முதல் வார்த்தையைச் சொன்னேன். விளக்கே அணைந்துவிட்டது. முதலாளி தீப்பெட்டியைத் தேடிக்கொண்டே சொன்னார்: “லீ அவனைச் சொல்லலே, அவனைக் கொன்னுட்டே.”

தங்கம்மை

உதியன்குளங்கரையில் எனக்கு முதலில் வாய்த்தவர் மாசிலாமணி. மரச்சீனிக் கிழங்கு பயிரிடுகிறவர். மேல்வரிசை முழுக்கப் போய் வெகுகாலம். பல் இல்லாத வாயில் ‘த’வுக்கு நிற்க இடமில்லை. மனைவி தங்கம்மையை அவர் கூப்பிட்டால் வெறும் காற்றும் ஒரு ‘ங்கம்மே’யும்தான் வரும். அந்த அம்மாள் திரும்பியே பார்ப்பதில்லை என்பது அவருடைய தீராத மனக்குறை.

செட்டு மாட்டிய அன்று, கடை வாசலில் நின்றபடியே, ரோட்டுக்கு அந்தப்பக்கம் மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்து, “தங்கம்மே!” என்று ஒரு குரல் கொடுத்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். அந்த அம்மாள் கையிலிருந்த சாளை மீனைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். கணவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “இத்தன நாளும் இவரு ஆட்டை விளிக்காருண்ணாக்கும் நான் நெனச்சது.”

மதாம்மா கேட்ட முற்றம்

இங்கே எங்களூர்ச் சொத்து ஒன்றைக் காட்டவேண்டும். ‘த’ சொல்லும்போது நாக்கு பல்லில். ‘ட’ சொல்லும்போது மேலே மடங்கி அண்ணத்தில். எங்களுக்கு நடுவில் இன்னொரு இடம் உண்டு. ‘காற்று’, ‘முற்றம்’ என்று நாங்கள் சொன்னால் நாக்கு ஈறில் தட்டும், துரைமார் வெண்ணெயைப் ‘பட்டர்’ என்பதுபோல. மற்ற தமிழ்ச் சீமையில் பேச்சுவழக்கில் இந்த ‘ற்ற’ அநேகமாகக் கரைந்துபோய்விட்டது. காற்றைக் ‘காத்து’ என்பார்கள், முற்றத்தை ‘முத்தம்’ என்பார்கள். எங்களுக்கோ முற்றம் வேறு, முத்தம் வேறு. முதலாவது வீட்டுக்கு முன்னால் கிடப்பது. இரண்டாவது என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு நர்ஸ் இருந்தார், ஊருக்கு அவர் மதாம்மா. ‘காற்று’ என்று அவர் சொன்னால் விளவங்கோட்டில் பிறந்தவர் தோற்றுப்போக வேண்டும். ‘த’ மட்டும் வராது. சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் இரண்டும் போனபின் சுத்தமாக வராது. காய்ச்சல் சுகமாகி வீட்டுக்குப் போகிற ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு, “எனக்கு ஒரு முற்றம் டா” என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார். குழந்தை விழித்தது. பக்கத்தில் நின்ற தகப்பன் வெலவெலத்துப்போனார். மகளைப் பிழைக்கவைத்த மதாம்மா, வீடு கட்ட இடம் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். அன்று முழுக்க மனைவியோடு ஆலோசித்து, மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து கைகட்டி நின்று, “முற்றம் தரப் பற்றாது மதாம்மா, ஆகெ உள்ளது அஞ்சு சென்ட்” என்றாராம்.

மதாம்மா என்னிடம் இதைச் சொல்லிச் சிரித்தபோது முன்பக்கத்து ஓட்டை வழியாகக் காற்று விசிலடித்தது. புதுப்பல் இரண்டையும் வைத்தபிறகு, கண்ணாடியைக் கையில் கொடுத்து, “இதன் பின்பக்கத்தில் நாக்கை ஒட்டுங்கள்” என்றேன். தா, தீ, தூ என்று கடையில் உட்கார்ந்தே படித்தார். அடுத்த தடவை அந்தக் குழந்தை மருந்துக்கு வந்தபோது, “முத்தம் தா” என்று தெளிவாகக் கேட்டார். குழந்தை இரண்டு கன்னத்திலும் கொடுத்தது. தகப்பன் பெருமூச்சு விட்டுச் சொன்னாராம்: “அப்போ அஞ்சு சென்ட் தப்பிச்சு.”

பிரசங்கி கேட்ட முத்தம்

அதே வார்த்தை இன்னொரு ஆளைக் கிட்டத்தட்டக் காவு வாங்கப் பார்த்தது. தமிழ்க் கூட்டத்தில் பேச திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு வாலிபப் பிரசங்கி வந்திருந்தார். நல்ல பையன், வெள்ளை ஜிப்பா. மைதானத்தில் கூட்டம் போட அனுமதி கிடைக்கவில்லை. யாராவது வீட்டு முற்றத்தில் போடலாம் என்று முடிவாகி, இடம் காட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போனார். என் அடுத்த வீட்டுச் செல்லம்மையின் முற்றம் விசாலமானது. செல்லம்மை நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் பொன்னையன், மரம் அறுக்கிறவன், மூலையில் குந்தியிருந்து வெட்டுகத்தியால் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

பிரசங்கி கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தார். “அக்கா, உங்க முத்தத்தைப் பத்தி ஊரே பேசுது. நல்ல அகலமான முத்தமாம். நாளைக்குச் சாயங்காலம் ஒருநாள் மட்டும் எங்களுக்குத் தரணும். எரநூறு முந்நூறு பேர் வருவாங்க.”

விறகு பிளக்கிற சத்தம் நின்றது. பொன்னையன் எழுந்தான். வெட்டுகத்தியும் அவனோடு எழுந்தது. நான் நடுவில் பாய்ந்து, “முற்றம்! முற்றம்! எலே பொன்னையா, அவரு முற்றத்தைக் கேக்காரு!” என்று கத்தினேன். பிரசங்கிக்கு ஒன்றும் புரியவில்லை. “ஆமா, முத்தம்தான் கேக்கேன்” என்று மறுபடியும் சொன்னார். செல்லம்மைக்குத்தான் முதலில் விளங்கியது. நெல்லின் மேலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததும் பொன்னையனும் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். கூட்டத்துக்கு முற்றமும் கிடைத்தது, கட்டன்சாயாவும் கிடைத்தது. ஆனால் புறப்படும்போது செல்லம்மை என்னிடம் சொல்லியனுப்பினாள்: “முதல்ல நாக்கை மேல தூக்கப் படிச்சிட்டு வரச் சொல்லும், ஊரைப் பின்ன கேக்கட்டு.”

ஒரே பெஞ்சு

ஞானதாஸ் வாத்தியாரும் கோபாலபிள்ளை சாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் தமிழும் மலையாளமும் கற்பித்து ஓய்வு பெற்றவர்கள். ஒரே பொட்டலத்தில் வெற்றிலை போட்டவர்கள். கிளர்ச்சி வந்ததும் வாத்தியார் தமிழ்ப் பக்கத்துக்கும் சார் மலையாளப் பக்கத்துக்கும் பேச்சாளர்களாகி, தங்களுக்குள் பேச்சையே விட்டுவிட்டார்கள். இருவருக்கும் செட்டு கட்டியது நான். “எதிராளிக்குப் பல்லு கொடுக்கியா ஓய்?” என்று இரண்டு பக்கத்துப் பையன்களும் தனித்தனியாக வந்து, கடையை உடைப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாள் சாயங்காலம் கூட்டம். அன்று காலையில் வாத்தியார் பதறிக்கொண்டு வந்தார். புதுத் தகடு முன்பல்லுக்குப் பின்னால் தடித்துவிட்டது. நாக்கு ஈறில் நிற்காமல் வழுக்கி மேலே போய் மடங்குகிறது. ‘வெற்றி நமதே’ என்று முடிக்கவேண்டிய பேச்சு ‘வெட்டி நமதே’ என்று முடிகிறது. “சனம் கல்லெறியும் ஓய்” என்றார். செட்டைக் கழற்றி வாங்கி நான் ராவத் தொடங்கவும், சார் உள்ளே வரவும் சரியாக இருந்தது. அவருக்கும் அதே ‘ற்ற’தான் சிக்கல். “ஒற்றக்கெட்டுண்ணு பறஞ்ஞா ஒட்டகம் வருந்நு” என்று என்னிடம் மட்டும் சொன்னார். ஒற்றக்கெட்டு என்றால் அவர்கள் பாஷையில் ஒற்றுமையாக ஒரே கட்டாக நிற்பது. கடையில் இருந்ததோ ஒரே பெஞ்சு. ஆளுக்கொரு ஓரத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாத்தியார் பொக்கைவாயோடும் சார் செட்டோடும் உட்கார்ந்தார்கள்.

ராவிய செட்டை மாட்டி வாத்தியார் சொல்லிப்பார்த்தார். எனக்கு அரச் சத்தத்தில் எல்லாம் ஒன்றுபோலவே கேட்டது. “சரியாயிற்று” என்றேன். சுவரைப் பார்த்திருந்த சார் வாய் திறந்தார். “இல்ல. அது வெட்டி தன்னே.”

வாத்தியாருக்குக் கோபம் வந்தது. “எனக்க வெற்றி உமக்கு எதுக்கு?”

“செரியல்லாதெ பறஞ்ஞா எனிக்குச் செவி வேதனிக்கும்.”

மறுபடியும் ராவினேன். மறுபடியும் “இல்ல”. அடுத்து சாருடைய முறை. அவர் ஒற்றக்கெட்டு சொல்ல, வாத்தியார், “ஒட்டகத்துக்கு இன்னும் வாலு தெரியுது” என்றார். கொஞ்சநேரத்தில் இருவரும் பெஞ்சின் நடுவுக்கு வந்துவிட்டார்கள். “நோக்கு, இங்ஙன” என்று சார் தன் வாயைத் திறந்து, “வெற்றி! வெற்றி!” என்று சொல்லிக் காட்டினார். அந்த நேரம் பார்த்து வாத்தியாரை அழைத்துப்போகத் தமிழ்ப் பையன்கள் வாசலுக்கு வந்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. முன்னால் நின்றவன் உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, பின்னால் திரும்பிக் கூவினான்: “எலே மக்கா, பிள்ளை சாரு நம்ம பக்கம் வந்தாச்சு!”

கடை தப்பியது. அன்று சாயங்காலம் இரண்டு கூட்டத்திலும் ‘ற்ற’ ஈறில் அடித்து ஒலித்தது. பிறகு எல்லை போட்டார்கள். விளவங்கோடு தமிழோடு போயிற்று. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் எங்கள் உதியன்குளங்கரையும் மலையாளத்தோடு நின்றன. வாத்தியார் வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டார். ஒருநாள் சார் போய் அவரைக் கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். “இவனுக்கு எவிடெயோ வேதனையுண்டு, நோக்கணும்” என்றார். வாய்க்குள் சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஈறில் புண் ஒன்றும் இல்லை. “எங்கே வலிக்குது வாத்தியாரே?” என்று கேட்டேன். வாத்தியார் சாரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னார்: “வெற்றிண்ணு சொல்லும்போ மட்டும் கொஞ்சம் வலிக்கும் ஓய், மற்றபடி ஒண்ணுமில்ல.”

சக பொக்கைவாயர்களே, ஒருவர் எந்த ராஜ்யத்துக்காரர் என்பதைச் சர்க்கார் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லட்டும், எந்த ஊர்க்காரர் என்பதைச் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்ட பிறகும் அவருடைய நாக்கு சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.