ராக்கெட் ஏன் மேலே போகிறது என்று சொல்லும் புத்தகம்

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை. புத்தகத்தின் தாள், தையல், பசை எல்லாம் எனக்கு அத்துப்படி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தெரியாது.

என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் கேட்டாள்: "ஏம்ப்பா, ராக்கெட் வெடி எதைத் தள்ளிக்கிட்டு மேல போகுது? காத்தையா? அப்ப காத்தே இல்லாத எடத்துல போகுமா?"

ஊரே ராக்கெட் செய்கிறது. நான் யோசித்ததே இல்லை. பள்ளியில் கேட்டதற்கு, பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிட்டார்களாம். அப்போது வீட்டில் இன்டர்நெட் எல்லாம் கிடையாது.

விருதுநகரில் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். அட்டையில் ராக்கெட் படம் போட்ட ஒரு அறிவியல் புத்தகத்தை எடுத்து, வேலையில் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். நடுவில் விரித்து அழுத்தினேன், தையல் விடவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். மறுபக்க எழுத்து தெரியவில்லை. படங்களில் கலர் இம்மி பிசகாமல் விழுந்திருந்தது. அதையே வாங்கிவந்தேன்.

உள்ளே பக்கம் முழுக்க ராக்கெட் படம். கீழே ஒரு சூத்திரம், சில கேள்விகள். ஏன் என்று ஒரு வரி இல்லை. மகள் மூடி வைத்துவிட்டாள். "இனிமே நான் எதுவும் கேக்கலைப்பா."

கேட்கிற பிள்ளை கேட்பதை விட்டுவிடக் கூடாதே.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, இதை மாத்தித் தருவீகளா?"

கடைக்காரர் சிரித்தார். "அன்னைக்குப் புத்தகத்தோட முதுகை அமுக்கி அமுக்கி வைத்தியம் பாத்தீக, ஒரு வரி வாசிச்சீகளா? சரி, கசங்கலை, வைங்க. பாப்பா, நீயே தேடு."

அவள் ஒவ்வொன்றிலும் ராக்கெட் வரும் பக்கத்தை மட்டும் வாசித்தாள். கடைசியில் ஒன்றை எடுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாணிப் பேப்பர். மை அப்பியிருந்தது. எங்கள் அச்சகமாக இருந்தால் கழித்துப்போட்டிருப்போம்.

"இதுவா தாயி?"

"இதாம்ப்பா. பலூனை ஊதி, வாயைக் கட்டாம விட்டுப் பாருன்னு சொல்லுது."

திரும்பும் பஸ்ஸில், திருத்தங்கல் தாண்டுமுன் சொன்னாள்: "அது காத்தைத் தள்ளலைப்பா. ராக்கெட் பொகையைக் கீழ தள்ளுது, பொகை ராக்கெட்டை மேல தள்ளுது. காத்தே இல்லாட்டியும் போகும்."

"காத்து இல்லாட்டி வெடிமருந்து எப்படிம்மா எரியும்?"

வேகவேகமாகப் பக்கங்களைப் புரட்டினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது கெமிஸ்ட்ரிப்பா. அடுத்த ஞாயித்துக்கெளமையும் கடைக்குப் போவணும்."