வலது காதுப் பக்கம்

சாகக் கிடக்கிற மனிதருக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்ட கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டில்தான், என் கணவருக்குத்தான். முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் கட்டிலோரம் குனிந்து, "அண்ணே, நீங்க நம்ம இனத்துக்கே பெருமை லா!" என்று அவருடைய இடது காதில் கத்தினார். செவிடன் காதில் சங்கு ஊதுவது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். அந்தக் காது போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அது எனக்கு மட்டும்தான் தெரியும். போர்னியோ எல்லையில் இந்தோனேசியாவோடு சண்டை நடந்தபோது இவர் இராணுவத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்தார். பாறைக்கு வைத்த வெடி முந்திக்கொண்டு வெடித்ததில் காது போனது. காது விஷயம் தெரியாத நாத்தனார் மகன், இவருடைய இராணுவ வேலையை எதிரிப் படையைத் தனி ஆளாக மறித்த கதையாக்கி ஊர் முழுக்கச் சொல்லிவந்தான். கொசுவைத் தவிர எதையும் கொன்றதில்லை என்று இவரே என்னிடம் சிரித்திருக்கிறார். பிறகு படித்துப் பொறியாளராகி, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது, காது கேட்காதவனை இயந்திரங்களுக்கு நடுவில் விடமாட்டார்கள் என்று மறைத்தார். என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வீம்பு போகவில்லை.

பெண்டாட்டி இடப்பக்கம் நிற்கவேண்டும் என்பது சாத்திரம். நான் வலப்பக்கம் நிற்பேன். கல்யாண வீட்டிலும் தண்ணீர்மலைக் கோயிலிலும் எவளாவது என்னை இழுத்து இடப்பக்கம் நிறுத்துவாள். இவர் மெதுவாகச் சுற்றிவந்து, நான் பேசுவது கேட்கிற பக்கம் நின்றுகொள்வார். அப்போது பெண்டாட்டிதாசன் என்று கேலி செய்த அதே வாய்கள்தான் கடைசியில் 'அன்பான கணவர்' என்று புகழ்ந்தன. இரண்டும் விவரம் தெரியாத பேச்சுத்தான்.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் அடுக்குமாடி வீட்டின் சின்ன அறையில் நாத்தனார்தான் அவரைப் படுக்கவைத்தாள். தலை தெற்கே, வலப்பக்கம் சுவர். எதிரே இரும்பு அலமாரி, அதனால் கட்டிலை நகர்த்தவும் வழியில்லை. எண்பதைத் தாண்டிய நான் அவர்மேல் ஏறிப்போய் அந்தக் காதைப் பிடிக்க முடியுமா? சத்தியத்தை மீறிக் காது விஷயத்தைச் சொன்னேன். "அத்தைக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு, பாவம்," என்றான் நாத்தனார் மகன்.

கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. உயிர் இப்படி இழுத்தால் ஏதோ ஆசை தடுக்கிறது என்று நம் ஆட்கள் வைத்தியத்தில் இறங்கிவிடுவார்கள். நாத்தனார் தன் தங்கச் சங்கிலியைப் பாலில் நனைத்து, அந்தப் பாலை அவர் வாயில் ஊற்றினாள். பொன்னாசை இல்லையாம். அடுத்தது மண்ணாசை. அவர் பிறந்த, பத்து காவான் என்கிற ஊர்த் தோட்டத்து மண்ணை எடுத்துவர மகனைக் காரில் அனுப்பினாள். தோட்டம் எங்கே இருக்கிறது, எல்லாம் தொழிற்பேட்டை. அந்தப் புத்திசாலி எங்கோ கார் நிறுத்துமிடத்து ஓரத்தில் வாரிக்கொண்டு வந்தான். அதில் சிமெண்டுத் தூளும் இருந்தது. அதைக் கரைத்து அவர் நாக்கில் தடவ வந்தார்கள். கிண்ணத்தைத் தட்டிவிட்டேன்.

"என்னா அண்ணி இது? அண்ணன் எதுக்கோ காத்துக்கிட்டு இருக்காரு. என்னான்னுதான் தெரியல," என்று அழுதாள்.

எனக்குத் தெரிந்திருந்தது. இந்த மனிதர் என்னிடம் விடை வாங்காமல் வாசலைத் தாண்டியதில்லை. முக்குக் கடைக்கு ரொட்டி வாங்கப் போனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார். அடுப்படியிலிருந்து நான் "போயிட்டு வாங்க" என்று சொன்னால்தான் கால் நகரும். இப்போது நானும்தான் ராத்திரி பகலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்காத காதில். அவரோ இவ்வளவு வேதனையோடு நிற்கிறார்.

"தலகாணிய அந்தப் பக்கம் போடு. மாமாவத் திருப்பிப் படுக்க வைக்கணும்," என்று நாத்தனார் மகனிடம் சொன்னேன்.

"வடக்கே தலை வைக்கிறதா? யமன் வந்துருவான் அத்தை!"

"அவன் வந்து வாசல்ல கோப்பி குடிச்சுக்கிட்டு இருக்கான். திசை பாத்துத்தான் வருவானா? பிடிடா!"

அவன் அசையவில்லை. நானே விரிப்பைப் பிடித்து இழுக்கத் தொடங்கினேன். கிழவி விழுந்து வைத்தால் பழி தன்மேல் வரும் என்று பயந்துதான் கை கொடுத்தான். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனாள்.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வலது காது என் பக்கம் இருந்தது. "காஸ் அடைச்சாச்சு. கதவு பூட்டியாச்சு. நான் இருந்துக்குவேன். நீங்க போயிட்டு வாங்க," என்றேன். புருவம் லேசாக அசைந்தது. அன்று விளக்கு வைப்பதற்குள் போய்விட்டார்.

வடக்கே தலை வைத்து அண்ணனைக் கொன்றவள் என்று நாத்தனார் இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும். கட்டிய பெண்டாட்டி விடை கொடுக்கும்வரை சாவையே நிற்கவைத்த மனிதரோடு வாழ்ந்தவள் நான்.