எதிர்வீட்டுக்குப் போன பூ

எங்கள் வீட்டில் பூ இருந்தது; வைத்துக்கொள்ளத்தான் தலை இல்லை. என் தலையை அந்த வருஷம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் மொட்டை அடித்திருந்தார்கள். முடி அப்போதுதான் தேங்காய் நார் மாதிரி முளைத்துக்கொண்டிருந்தது. எதற்கு மொட்டை என்று கேட்டேன், வேண்டுதல் என்றாள் அம்மா. என்ன வேண்டுதல் என்றேன், நீ நன்றாகப் படிக்கத்தான் என்றாள். அதற்குப் பிறகும் கணக்குப் பாடம் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனது. முடியையும் வாங்கிக்கொண்டு ஆத்தா இப்படிச் செய்துவிட்டாளே என்று எனக்கு உள்ளூர வருத்தம்.

அம்மாவின் தலைக்குக் கம்பெனி குறுக்கே நின்றது. அவளுக்கு நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலை. கம்பெனி வாசலில் ஒரு அம்மா நின்றுகொண்டு, உள்ளே போகிற பெண்களைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துத்தான் விடுவார். ஹேர்பின், ஊக்கு, கொலுசு, மெட்டி என்று உலோகமாக எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. எங்காவது உரசிப் பொறி பறந்தால் அவ்வளவுதான். நைலான் சேலையும் கூடாது. அதனால் காலையில் கம்பெனி பஸ் ஏறுகிற பெண்கள் எல்லோரும் வெளுத்த நூல் சேலையும் துணி ரிப்பனுமாக, வெறுங்காலோடு நிற்பார்கள். எங்கள் தெருவுக்கு அது பழகிப்போன காட்சி. சாயங்காலம் வந்து குளித்து, மெட்டியை மாட்டி, பூவையும் வைத்துக்கொண்டால் மறுபடியும் அவரவர் வீட்டு மகாலட்சுமி.

அம்மாவும் முன்பு அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். அப்புறம் எப்போதோ விட்டுவிட்டாள். கேட்டதற்கு, "சாயங்காலம் மாட்டி காலைல கழட்டி, எதுக்குத்தா ரெட்டை வேலை?" என்றாள். மெட்டி இரண்டும் பழைய மத்தாப்புப் பெட்டி ஒன்றுக்குள் போய்ப் பரணோரம் உட்கார்ந்துகொண்டன. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் ரவிக்கைக்குள் கிடக்கும், வெளியே தெரியாது. அம்மா சொன்ன காரணம் எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. பள்ளிக்கூடச் சீருடையை ராத்திரியும் கழற்றாமல் படுத்துக்கொள்ளலாமே என்று நானே பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஆனால் செடிகளை மட்டும் அவள் விடவில்லை. குளியலறைச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு கட்டில் போடுகிற இடம். அதுதான் எங்கள் தோட்டம். மாமா அச்சாபீஸில் வேலை பார்த்தார். அவர் கொண்டுவந்து போட்ட காலி மை டின்களில் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் பன்னீர் ரோஸும் நின்றன. டின்களின் விளிம்பில் சிவப்பும் நீலமும் வழிந்து காய்ந்திருக்கும். மல்லிகை மட்டும் தரையில். குழாயில் தண்ணீர் நினைத்தபோதுதான் வரும் என்பதால், அரிசி களைந்தது, பாத்திரம் அலசியது எல்லாம் செடிக்குத்தான். கரிசல் மண் அதைக் குடித்துவிட்டு அடுத்த நாளே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

எனக்கோ எதற்கும் பொறுமை கிடையாது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான் எப்போதும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மல்லிகை மொட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே பூ இருக்கிறதா என்று பார்ப்பேன். பிரித்த மொட்டு கையிலேயே வாடிப்போகும்.

"பிரிச்சுப் பாத்தா பூத்துருமாத்தா? எம்புட்டு மொட்டு போச்சு பாரு," என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

பொறுமை இல்லாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அப்பா லாரி ஓட்டினார். போன தீபாவளிக்கு முன்னால் வடக்கே பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு போனவர். எப்போது வருவார் என்று கேட்டால், தீபாவளி சீசன் முடியட்டும் என்றாள் அம்மா. தீபாவளி முடிந்தது. காலண்டர் சீசன், அந்த லோடு அடிக்கிறார் என்றாள். தை பிறந்து எல்லார் வீட்டிலும் காலண்டர் மாட்டியாயிற்று. இப்போது அந்தப் பக்கமெல்லாம் கல்யாண சீசன், அதற்கும் வெடி வேண்டுமே என்றாள். எங்கள் ஊரின் பெருமையே அதுதான், ஒரு சீசன் முடிவதற்குள் இன்னொன்று வந்துவிடும். லாரிச் சத்தம் கேட்டபோதெல்லாம் நான் வாசலுக்கு ஓடினேன். சிவகாசியில் லாரிச் சத்தத்துக்குப் பஞ்சமா? நாள் முழுக்க ஓடிக்கொண்டேதான் இருந்தேன்.

எதிர்வீட்டுக்கு அந்த மாசியில்தான் ஒரு குடும்பம் புதிதாக வந்தது. வீட்டுக்காரருக்கு பேங்க் உத்தியோகம், கும்பகோணம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். எதிர்வீட்டு அம்மா நல்ல சிவப்பு, பெரிய பொட்டு, சிரித்த முகம். எங்கள் மல்லிகை வாசனை தெருவைத் தாண்டிப் போய் அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவரே வந்து, "கடையில வாங்கறதுல இந்த வாசனை இல்லையே!" என்று அதிசயப்பட்டார். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் அம்மா பூவைக் கட்டி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போவாள். அவர் காபி கொடுப்பார். யார் வீட்டுக்கும் போகாத அம்மா, அங்கே போனால் இருட்டுகிறவரை உட்கார்ந்திருப்பாள். திரும்பி வரும்போது அவள் முகம் பார்க்க நன்றாக இருக்கும்.

ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். எதிர்வீட்டு அம்மா பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டே, "சின்ன வயசு உங்களுக்கு. ஒண்டியா நின்னு பொண்ணை வளர்க்கறீங்களே, பாவம்," என்றார். அம்மா காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்பா லோடு போயிருப்பதைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். எனக்குக் கொடுத்த முறுக்கில் கவனமாக இருந்தேன்.

பங்குனியில் எதிர்வீட்டு மருமகளுக்கு வளைகாப்பு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. பூ முழுக்க எங்கள் வீட்டிலிருந்துதான் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். விடிந்ததும் மல்லிகையையும் கனகாம்பரத்தையும் ஒன்று விடாமல் பறித்தோம். வாரமெல்லாம் வெடியைப் பின்னிய விரல்கள் பூவைக் கட்டுகிற வேகத்தை நான் வாய் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையிடையே மரிக்கொழுந்து வைத்து, மருமகள் ஜடைக்கென்று தனியாக ஒன்று தைத்தாள். பறித்து முடித்த செடிகளைப் பார்க்க எனக்கே என் மொட்டைத் தலை ஞாபகம் வந்தது.

கிளம்பும்போது நான் சொன்னேன். "இன்னைக்கு லீவுதானம்மா? மெட்டி போடலாம்ல?"

"நேரமாயிருச்சுத்தா, நட," என்றாள்.

கூடம் நிறையப் பெண்கள். மருமகள் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலை கொள்ளாமல் எங்கள் பூ. கூடம் முழுக்க எங்கள் வீட்டு வாசனை. அந்தப் பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிர்வீட்டு அம்மா ஒவ்வொருவராக அழைக்க, பெண்கள் எழுந்து போய் மருமகளின் கன்னத்தில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கண்ணாடி வளையல் போட்டுவிட்டு வந்தார்கள். வந்தவர்களுக்குப் பூவும் குங்குமமும் நீட்டினார்கள். அம்மா சமையலறை வாசல் பக்கம், எல்லாருக்கும் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் முறை எப்போது வரும் என்று நான் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தேன்.

பூத்தட்டு வரிசையாக வந்தது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா எடுத்துக்கொண்டாள். அவள் அம்மாவோடு ஒரே பஸ்ஸில் கம்பெனிக்குப் போகிறவள். அடுத்தவள் எடுத்துக்கொண்டாள். அதற்கடுத்து அம்மா. தட்டு அவள் பக்கம் வந்தபோது அம்மா எழுந்து, தண்ணீர்ச் செம்பை எடுக்கிறவள் போலச் சமையலறைக்குள் போய்விட்டாள். தட்டு நிற்காமல் அவளைத் தாண்டிப் போனது.

வந்திருந்தவர்களில் ஒரு பாட்டியம்மாள், "யாரது, உள்ளே போறாளே?" என்று கேட்டார். எதிர்வீட்டு அம்மா குரலைத் தாழ்த்தினார். "பூ கட்டித் தந்தவங்க. புருஷன் தவறிட்டார் போல. ரொம்ப நல்ல பொண்ணு, பாவம்."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தேன். இவளுக்குத் தெரியுமே, இவளும்தான் தினம் மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறாள், இவள் ஏன் வாயைத் திறக்கவில்லை? அவளுக்கும் அது கேட்டுத்தான் இருந்தது. குனிந்து கையில் இருந்த வளையல்களை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். தெருப் பெண்கள் மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

அக்காவின் சேலையை இழுத்தேன். "அக்கா, நீங்க சொல்லுங்கக்கா."

"சும்மா இருத்தா. சாப்பிடப் போவோம்."

சும்மா இருக்கிற பிள்ளையா நான்? ஒரே ஓட்டமாகத் தெருவைத் தாண்டி வீட்டுக்கு ஓடினேன். பானையைக் கவிழ்த்து ஏறி நின்று, மத்தாப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு அதே ஓட்டமாகத் திரும்பினேன். கூடத்தின் நடுவில் நின்று பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

"எங்க அப்பா உயிரோடதான் இருக்காக! கம்பெனியில மெட்டி போடக் கூடாது, அதான் எங்கம்மா போடல!"

எதிர்வீட்டு அம்மாவுக்கு முகம் வெளிறிப்போனது. "ஐயையோ, என்ன பாவம் பண்ணிட்டேன்," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சமையலறைக்குள் போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். குங்குமம் வைத்தார். தன் தலையிலிருந்த பூவில் ஒரு முழத்தைக் கிள்ளி அம்மாவின் தலையில் சொருகினார். மெட்டியை எடுத்துக்கொண்டு அவர் கீழே உட்காரவே, அம்மா பதறிக் காலை இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்கக்கா. நானே போட்டுக்கிறேன்."

போட்டுக்கொண்டாள். மருமகளுக்கு வளையல் போட அவளை எல்லோருக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அம்மா வளையலை எடுத்தபோது, எதிர்வீட்டு அம்மா அன்பாகக் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் எங்கே இருக்கார்? எப்போ வருவார்?"

அம்மா வளையலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானே முந்திக்கொண்டு சொன்னேன். "வடக்கே லோடு போயிருக்காக. கல்யாண சீசன் முடிஞ்சதும் வந்துருவாக."

"ஆமாங்கக்கா," என்றாள் அம்மா.

வீட்டுக்குத் தேர் இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி நான் முன்னால் நடந்தேன். அம்மா வந்ததும் முகத்தைக் கழுவினாள். மெட்டியைக் கழற்றினாள். உச்சி வெயிலில் மை டின்கள் நடுவே உட்கார்ந்து, பூ இல்லாத செடிகளில் பழுத்த இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பாராட்டவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

"என்மேல கோவமாம்மா?"

"இல்லத்தா," என்று என் தலையைத் தடவினாள். அவள் கை ஈரமாக இருந்தது.

அதற்குப் பிறகு எதிர்வீட்டு அம்மாவுக்குப் பாசம் பொங்கிவிட்டது. காலையில் அம்மா பால் வாங்க வாசலுக்கு வந்தால், "வந்துட்டாரா?" என்பார். சாயங்காலம் அம்மாவின் பஸ் வருகிற நேரம் பார்த்து நின்று, "போன் பண்ணினாரா?" என்பார். கோயிலுக்குப் போனால் அப்பா பேருக்கும் சேர்த்து அர்ச்சனை பண்ணி விபூதி கொண்டுவந்து கொடுப்பார். அம்மா பின்பக்கச் சந்து வழியாகப் போக ஆரம்பித்தாள். சுற்றுவழி, வெயில், நாய் வேறு. என்ன ருசி கண்டாள் அந்தச் சந்தில் என்று எனக்குப் புரியவில்லை. பூவைக் கொடுத்துவிட்டு வர என்னைத்தான் அனுப்பினாள். எதிர்வீட்டு அம்மா கேட்பதற்கு முன்பே நான் செய்தி வாசித்துவிடுவேன். அப்பா நாக்பூர் தாண்டிவிட்டார், அப்பா இந்தூரில் லோடு இறக்குகிறார். சமூக அறிவியல் படத்தில் இருந்த ஊரெல்லாம் அப்பா போய்வந்தார். அம்மாவுக்குப் பெரிய உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று அந்தக் கூடத்தில் இருந்த எங்கள் தெருக்காரர்களில் விஷயம் தெரியாதவர்கள் எதிர்வீட்டுக்காரர்களும் நானும்தான். அப்பா லோடு இறக்கிய ஊரிலேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டது மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கம்பெனி பஸ்ஸில், ரேஷன் கடையில், குழாயடியில், போகிற இடமெல்லாம் அம்மாவிடம் ஏதாவது தகவல் உண்டா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டில் மட்டும் கேட்கவில்லை. இறந்துபோனவர் எப்போது வருவார் என்று யாரும் கேட்பதில்லை. அம்மா பூவைக் கட்டிக்கொண்டு போய் அந்த வீட்டில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது அதற்காகத்தான் என்பது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?