வழியில் இருக்கும் சரக்கு

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் ஸ்டோரில் நான் வேலை செய்தேன். அதே கம்பெனிக்கு என் கணவர் லோரி ஓட்டினார். கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், கம்பெனிக்கு இன்னொரு ஸ்டோர் இருந்தது. அங்கே சரக்கை ஏற்றிப் பாலம் தாண்டிக் கொண்டுவருவது அவர் வேலை, பெட்டிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்குவது என் வேலை. “வீட்டுலயும் ஒங்கிட்டதான் கணக்கு, இங்கயும் ஒங்கிட்டதான் கணக்கு” என்று கிண்டலடிப்பார்.

பிறகு புது மென்பொருள் வந்தது. அதைப் பொருத்த கோலாலம்பூரிலிருந்து வந்த தம்பி நம்மவர்தான். பொறுமையாக விளக்கினார். சரக்குக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கும் இடம் ஆர்கனைசேஷன். அதற்குள் இருக்கும் அறை சப்-இன்வென்ட்டரி. ஓர் ஆர்கனைசேஷனிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு போனால், அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளும் வரை அது ‘வழியில்’ என்று காட்டும். அறைக்கு அறை மாற்றினால் வழி என்று ஒன்றே கிடையாது. பட்டனைத் தட்டியதும் போய்ச் சேர்ந்துவிடும்.

“அப்படின்னா அக்கரை ஸ்டோர் தனி ஆர்கனைசேஷனா இருக்கணும் சார். நடுவுல கடல் இருக்கு” என்று மேனேஜரிடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். “ஒரே கம்பெனிதானே லா. எதுக்கு ரெண்டு? அத நம்ம பின்னால இருக்கிற ரூம்னு நெனச்சிக்கிங்க.” அக்கரையை எப்போதும் அப்படித்தான் சொல்வோம், பின்னால் இருக்கிற ரூம் என்று. பேச்சுக்குச் சொன்னதையே மனுஷன் மென்பொருளிலும் ஏற்றிவிட்டார். செலவை மிச்சம் பிடிக்க ஸ்டோர் முழுவதற்கும் ஒரே லாகின் வேறு. அது என் பெயரில்.

முதல் நாளே சிக்கல் தொடங்கியது. அக்கரையில் ஒருவர் பட்டனைத் தட்டினார், சரக்கு எங்கள் அறையில் இருப்பதாகத் திரை சொன்னது. லோரி அங்கே வாசலைக்கூடத் தாண்டவில்லை. திரையை நம்பி மேலே உற்பத்தியைத் தொடங்கினார்கள், பாகம் இல்லாமல் இயந்திரங்கள் நின்றன. எல்லோரும் என் தலைக்கு மேல் நின்று கத்தினார்கள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, “எங்கங்க இருக்கீங்க?” என்றேன். “பாலத்துல. சரியான ஜேம். பறந்தா வரமுடியும்?”

தினமும் இதே கதைதான். திரையில் வந்து சேர்ந்த சரக்கு கையில் இல்லையென்றால், நடுவில் யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. நடுவில் இருந்தது ஒரே ஆள், என் கணவர். வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா அவருடைய சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். வீட்டில் அவர் தட்டில் சோறு அப்படியே காய்ந்தது. எனக்கு அந்த மென்பொருளை இழுத்துப்போட்டு மிதிக்க வேண்டும் போலிருந்தது.

கோலாலம்பூர் தம்பியைப் போனில் பிடித்துக் கெஞ்சினேன். “இனிமே ஆர்கனைசேஷனா மாத்த முடியாதுக்கா. கணக்கு ஓட ஆரம்பிச்சிருச்சி. வேணும்னா லோரியையே ஒரு சப்-இன்வென்ட்டரியா போட்டுருங்க. ஏத்துனதும் லோரிக்கு மாத்துங்க, எறக்குனதும் ரூமுக்கு மாத்துங்க.”

அந்தத் தம்பி வாயில் சர்க்கரையைப் போடலாம் என்று நினைத்தேன். அன்றே லோரியை ஒரு சப்-இன்வென்ட்டரியாகப் போட்டேன். திரை பெயர் கேட்டபோது என் கணவருடைய லோரி நம்பரைத் தட்டினேன். வீட்டில் சொன்னதும் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். “பரவால்லயே, என் லோரிக்கும் கம்ப்யூட்டர்ல எடம் கெடச்சிருச்சா?” அன்று இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கொஞ்ச காலம் இயந்திரங்களும் நிற்கவில்லை, யாரும் கத்தவில்லை.

அப்புறம் சரக்கு எண்ணும் நாள் வந்தது. எண்ணிக்கை குறைந்தால் காரணம் எழுதி மேனேஜரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், திட்டும் வாங்க வேண்டும். அதைவிடச் சுலபமான வழியை எங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அலமாரியில் கிடைக்காததையெல்லாம் லோரிக்கு மாற்றிவிட்டால் அறைக் கணக்கு சரியாகிவிடும். உடைந்தது, தவறாக எண்ணியது, எங்கோ மூலையில் கிடப்பது, எல்லாமே. “லோரியில போட்டுரு லா” என்று ஒருவருக்கொருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. பெட்டி ஏற்றுவதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஐயோ, ஒரு தடவை தலையைத் திருப்பிக் கேட்டிருக்கலாமே.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். என் கணவருடைய லோரிக்குள் பக்கம் பக்கமாகச் சரக்கு. அவர் கண்ணால்கூடப் பார்த்திராத சரக்கு. ‘லோரியில போட்டுரு’ என்றதற்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது.

“இது ஆளுங்க தள்ளிவிட்டது சார். கணக்கு சரியாகுறதுக்காகத் தள்ளிவிட்டது.”

“யாரு தள்ளுனா?” ஒவ்வொரு வரியிலும் மாற்றியவர் பெயர் இருந்தது. எல்லாமே என் பெயர்.

“எல்லாரும் என் லாகின்லதானே சார் வேல செய்றாங்க? நீங்கதானே ஒண்ணு போதும்னீங்க?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஒங்க பேரு. ஒங்க வீட்டுக்காரரு லோரி. நான் மேல என்னான்னு சொல்றது, நீங்களே சொல்லுங்க.”

ஸ்டோர் ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டார். நேற்றுவரை என்னிடம் கறிபப் வாங்கித் தின்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அழுதேன், கத்தினேன், கடைசியில் கையெடுத்தும் கும்பிட்டேன்.

ஜன்னல் வழியாக முற்றம் தெரிந்தது. லோரியைச் சுற்றி ஜாகாக்கள் நின்றார்கள். என் கணவர் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே பின்கதவுகள் இரண்டையும் அகலத் திறந்துவைத்துவிட்டு, நன்றாகப் பாருங்கள் என்பதுபோல் ஒதுங்கி நின்றார். லோரி காலியாக இருந்தது. அதைக் காட்டினால் போதும் என்று அவர் நம்பியிருந்தார்.

மேனேஜரும் ஜன்னலுக்கு வந்து பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் அந்தக் காலி லோரியைப் பார்த்தார்.

“அப்ப சரக்கெல்லாம் எங்க?” என்றார்.